இரண்டு கரண்டி கொழுப்பு

பதினைந்து நாளாக எங்கள் வீட்டுக் கறிக்குழம்பு ஸ்லோ குக்கரில்தான் வேகிறது. பெங்களூரிலிருந்து மகள் ஷில்பா கொண்டுவந்து கொடுத்தது. எண்ணெய் கிடையாது, தேங்காய் கிடையாது, உப்பு பேருக்குத்தான். காலையில் வைத்தால் முழுசாக ஒரு ஷிப்ட் முடிந்த பிறகுதான் இறக்க வேண்டும்.

"இன்னாத்துக்கு யசோதா இந்தப் பத்தியம்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"டாக்டர் சொன்னாரு. வாய மூடிக்கினு துன்னு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், எங்கள் லைன் வீடுகளில் டாக்டர் என்றால் ஆம்பிளையின் நெஞ்சுக்குத்தான். சுரங்கத் தூசி தின்ற நெஞ்சு. போன மாதம் எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கியவள் என்னிடம் காட்டவே இல்லை.

எப்படியும் சாகத்தான் போகிறேன், ருசியோடு சாவோம் என்று நேற்றுத் துணிந்தேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் கொழுப்பை உருக்கி இரண்டு கரண்டி குக்கரில் ஊற்றினேன். உப்பும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.

இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"மறைக்காத யசோதா. நான் இன்னும் எவ்ளோ நாளு இருப்பேன்?"

அவள் சிரித்துவிட்டாள்.

"உனுக்கு இன்னாய்யா? உன் நெஞ்சு நல்லாத்தான் கீதாம். ரத்தக்குழாய் அடைப்பு எனுக்கு. கொழுப்பும் உப்பும் ஆவவே ஆவாதுன்னுட்டாரு. சொன்னா நீ பயந்துக்குவியேன்னுதான் சொல்லல."

பாதி காலியாகியிருந்த அவள் தட்டைப் பிடுங்கினேன்.

"குடுய்யா" என்று கையை நீட்டினாள். "இன்னிக்குத்தான் வாய்க்கு ருசியா கீது."