இலந்தைச் சுங்கான்

புகையை விட்டால்தான் ஆயுசு என்று டாக்டர் சொல்லிப் பதினோரு நாளாகியிருந்தது. தேவசகாயத்தின் வாய் சும்மா இருக்க மறுத்தது. வெறுமனே வாயில் வைத்து இழுக்க மரப் புகைக்குழாய், ஒரு சுங்கான் வாங்கிக் கொடுக்கலாமென்று மனைவி அன்னபாக்கியம் அவரைக் கடைக்கு அழைத்து வந்தாள்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். "புகையிலை போடாம இழுத்தாத்தான் மரத்தோட ருசி தெரியும், அண்ணாச்சி."

வேப்பஞ் சுங்கானை இழுத்துவிட்டு அவர் முகம் சுளித்தார். "டாக்டர் கொடுத்த கசப்பு போதாதா?" பலா இனித்தது. "இது கல்யாண வீட்டுச் சாப்பாடு. தினமும் ஆகாது."

மூன்றாவது இலந்தை. "இடி விழுந்து நாலு நாள் நின்ன வாக்குல எரிஞ்ச மரம்" என்றார் கடைக்காரர்.

தேவசகாயம் கண்ணை மூடி நிதானமாக இழுத்தார். வாயைத் திறந்தபோது நீலமாகப் புகை வந்தது. சுங்கானில் நெருப்பில்லை. தீப்பெட்டி அன்னபாக்கியத்தின் கைப்பையில்தான் இருந்தது. கடைக்காரர் பலாவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கம்போல் அவர் முதுகைத் தடவிவிடக் கையை உயர்த்தி, அவருக்கு இருமல் வருமென்று அன்னபாக்கியம் காத்திருந்தாள். மழைக்கு முந்திய மண்வாசத்துடன் புகை அவள் தலைக்கு மேல் மெல்லச் சுற்றியது. இருமல் வரவில்லை.

"நீயும் ஒரு இழுப்பு இழுத்துப் பாரேன்" என்று அவர் சுங்கானை அவளிடம் நீட்டினார்.

அவள் உயர்த்திய கை எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.