பிடி அரிசிக் குதிர்

உச்சி வெயிலில் அங்காளம்மாள் குதிரின் மூடிமேல் கையை ஊன்றி நிற்கிறாள். ஏழு வீட்டார் ஆளுக்கொரு பிடி அரிசி போட்டு, ஒரு கலயத்தில் தொடங்கியது. இன்று நாற்பது வீட்டுப் பிடியில் அவள் தோளுயரம் வளர்ந்திருக்கிறது. வலை கிழிந்து ஏரிக்குப் போக முடியாதவர்கள் இதில் எடுத்துப் பொங்குவார்கள், மீன் பட்டதும் திருப்பிப் போடுவார்கள். கோட்டை வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்க்கும் துபாஷி செங்கல்வராயனின் வாசலில் கடனுக்கு நிற்க இப்போது யாரும் போவதில்லை. அதனால் அவனே ஐந்து மூட்டை அரிசியோடு குப்பத்துக்கு வந்திருக்கிறான். வெற்றிலைச் சாற்றைக் குதிரின் அடியிலேயே துப்புகிறான். சுட்ட மணல் அதை உடனே குடித்துவிடுகிறது. "கொட்டிக்கோ. இனிமே யாருக்குக் குடுக்கறதுன்னு நான் சொல்றேன்." "வூட்டுக்கு ஒரு பிடிதான்." "மூட்டை போடறவனும் பிடி போடறவனும் ஒண்ணாடி?" "இங்க ஒண்ணுதான்." அவள் பின்னால் நிற்கும் நாற்பது வீட்டாரில் ஒருவரும் நகரவில்லை. அவனுடைய பட்டு அங்கவஸ்திரத்தை அவள் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்க்கிறாள். "வலை கிழிஞ்சவங்க வெச்ச குதிருங்க இது. உங்களுக்கு இன்னா கிழிஞ்சுது?"