வாயாடி

மணிக்கட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

ராத்திரி முழுக்க ரொட்டித் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்துப் போட்ட கை. ரொட்டி ஆலையிலிருந்து வந்து படுத்தவள், பாதித் தூக்கத்தில் எழுந்து, மகளைக் கூட்டிப்போகப் பாலர் பள்ளிக்கு வந்திருந்தாள். வழக்கமாகக் கணவன்தான் வருவான். இன்று அவனுக்குத் தொலைவில் வேலை.

வகுப்புக் கதவு பாதி திறந்திருந்தது. தள்ளப் போனவள் நின்றுவிட்டாள்.

உள்ளே ஏதோ ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தாள். அவள் மகள்.

பெற்ற பிள்ளையின் குரல் தனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதுதான் முதலில் குத்தியது.

வீட்டில் அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. தலையாட்டும். கை காட்டும். துணியைப் பிடித்து இழுக்கும். பூனை மாதிரி நடக்கும். தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்து, ஓசைப்படாமல் இறக்கி வைக்கும்.

நாத்தனார் 'ஊமைக்கோட்டான்' என்று பெயரே வைத்துவிட்டாள். டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். போன முறை பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், "உங்க பொண்ணு சரியான வாயாடிங்க!" என்று சிரித்தபோது, குத்திக்காட்டுகிறாள் என்றே நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

குத்திக்காட்டவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். மாவு ஏறாத நகம். சூடு பட்ட தழும்பு இல்லாத கை.

"வண்டி போச்சு" என்று மகள் ஒரு மரக்கட்டையைத் தள்ளினாள்.

"பெரிய வண்டியா போச்சு? எங்க போச்சு?"

"பெரிய வண்டி, மாவு மூட்டையெல்லாம் ஏத்திக்கிட்டு, டுர்ருனு போச்சு!"

ஒரு சொல்லைக் கொடுத்தால் டீச்சர் அதோடு இன்னொன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறாள். பிள்ளை அதை வாங்கி மேலே இரண்டு வைக்கிறது. தப்பாகச் சொன்னாலும் டீச்சர் திருத்தவில்லை. அவசரப்படுத்தவில்லை. அடுத்த சொல் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் மாதிரி.

வேறு என்ன வேலை? இதற்குத்தானே சம்பளம்.

எனக்கும் இப்படிச் சம்பளம் கொடுத்து உட்காரச் சொன்னால் நான் கேட்க மாட்டேனா? பத்து மாசம் சுமந்தது யார்? சளி கட்டினால் நெஞ்சில் போட்டுத் தட்டிக்கொடுத்தது யார்? கழுவிவிட நான். கதை கேட்க இவளா?

மகள் டீச்சரின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாருங்க டீச்சர். நான் சொல்றத மட்டும் கேளுங்க."

அந்தக் குட்டிக் கை தன் தாடையில் எப்போது கடைசியாகப் பட்டது என்று அவளுக்கு நினைவில்லை.

போதும். நாளையிலிருந்து வேறு பள்ளி. பிள்ளையை யாருக்கோ தாரைவார்த்துவிட்டு வெறும் கையோடு நிற்க அவளால் ஆகாது. இவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டே போக வேண்டும்.

சொல்ல வேண்டியதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

மகள் திரும்பினாள். முகம் மலர்ந்தது. எழுந்து ஓடி வரப் பார்த்தவள், பாதியில் நடையைக் குறைத்துக்கொண்டாள். குழாயைத் திருகியதுபோல வாய் மூடிக்கொண்டது.

"என்னடி, என்னைக் கண்டதும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? இவ்வளவு நேரம் டீச்சர்கிட்ட பொரிஞ்சு தள்ளினியே?"

பிள்ளை அவள் கண்ணையே பார்த்தது. தூக்கம் கெட்டுச் சிவந்துபோன கண்.

"வாங்கம்மா, வாங்க!" என்று டீச்சர் உற்சாகமாகக் குரலெடுத்தாள். "நாள் முழுக்க உங்க கதைதான் எங்களுக்கு. இந்த வண்டிகூட உங்க ரொட்டி ஆலைக்குத்தான்..."

பிள்ளை சட்டென்று தன் உதட்டின் மேல் விரலை வைத்தது.

"உஷ்! டீச்சர், மெதுவா. அம்மாக்குத் தூக்கம் வருது."

பிறகு மூலையில் கிடந்த குட்டி நாற்காலியை இழுக்காமல் இரண்டு கையாலும் தூக்கி வந்து, அம்மாவின் காலருகே ஓசைப்படாமல் வைத்தது.

அவள் உட்கார்ந்தாள். டீச்சரிடம் சொல்ல வந்தது நாக்கிலேயே கரைந்துபோனது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும்.

ராத்திரி வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் காலை, அப்போதுதான் பேச்சு வந்திருந்த பிள்ளை கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, அம்மா அது, அம்மா இது என்று காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. கோபப்படாமல்தான் சொன்னாள். பக்கத்தில் இழுத்து, முத்தம் கொடுத்து, அதன் உதட்டில் விரலை வைத்துச் சொன்னாள்.

"அம்மா தூங்கட்டும் கண்ணு. எந்திரிச்சதும் நிறையப் பேசலாம்."

எழுந்தால் அடுப்பு. அடுப்பை அணைத்தால் ஆலை வண்டி. விடுமுறை என்றால் மறுபடியும் தூக்கம்.

பிள்ளை சொன்னபடி வாயை மூடிக்கொண்டது. அவள் பேசுவதாகச் சொன்ன பேச்சுதான் இன்னும் பாக்கி.