ரோமில் எடுக்காத படங்கள்

ஒருவன் எதையாவது இலவசமாக நீட்டினால், அவன் வேறு எதையோ எடுக்கப் போகிறான் என்பது கிருஷ்ணராசாவின் கட்சி. அதனால்தான் மிச்சம் என்ற ஆங்கிலேயப் புறநகரில் இருந்த அவர் வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தபோது மனைவி நகுலேஸ்வரி துள்ளினாள், அவர் துள்ளவில்லை.

குலுக்கலில் தம்பதிக்கு முதற்பரிசாம். ரோம், பிளாரன்ஸ், ஏதென்ஸ், கடைசியில் கிரேக்கத் தீவான சந்தோரினி. பத்து நாள். விமானச் சீட்டு, ஹோட்டல் பதிவு எல்லாம் கூடவே இருந்தன.

"நாங்கள் எந்தக் குலுக்கலில சேர்ந்தனாங்கள்?" என்றார்.

"கடை கடையா எத்தினை துண்டு நிரப்பிக் குடுத்தனான். அதில ஒண்டாயிருக்கும்," என்றாள் நகுலேஸ்வரி.

அவளுக்குச் சந்தோரினி என்றால் உயிர். வெள்ளை வீடுகளும் நீலக் கூரைகளும் உள்ள பழைய காலண்டர் தாளொன்றை ஏழு வருடமாகப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். கிருஷ்ணராசாவோ விடுமுறை என்ற சொல்லைக் கேட்டாலே காது கேளாதவராகிவிடுவார்.

"விசரே உமக்கு? இது கள்ளன்ர வேலை. எங்களை அங்கால அனுப்பிப்போட்டு இஞ்சால வீட்டைத் துடைக்கிற திட்டம்!"

ரெய்னர்ஸ் லேனில் ஒரு குடும்பம் விடுமுறைக்குப் போய் வருவதற்குள் தாலிக்கொடி முதல் தோடு வரை பறிபோன கதையை நூற்றியோராவது தடவையாகச் சொன்னார்.

"அப்ப கடிதத்தைக் கிழிக்கட்டே?" என்றாள் அவள்.

"கிழிக்கிறதோ? ஆளைக் கையும் களவுமாப் பிடிக்கப் போறன்."

குறித்த நாளில், அயலெல்லாம் பார்க்கப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு இருவரும் டாக்ஸியில் ஏறினார்கள். ஒரு மணித்தியாலத்தில் பின்கதவால் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். திரைச்சீலைகள் மூடப்பட்டன. விளக்கு இல்லை, டிவி இல்லை, பேச்செல்லாம் கிசுகிசுப்புத்தான். தாளித்தால் மணம் தெருவுக்குப் போய்விடும் என்று குழம்புக்கும் தடை. மூன்று வேளையும் பாணும் ஜாமும்.

"பிள்ளையளுக்காவது சொல்லுவம்," என்றாள்.

"அதுகளுக்கு வாயில பூட்டில்லை. வாட்ஸ்அப் குழுவில அறுபத்துமூண்டு சொந்தக்காரர். எவன் கள்ளனுக்கு உளவு சொல்லுறானோ, ஆர் கண்டது?"

ஆகவே குழுவுக்கும் படங்கள் போயின. இணையத்தில் சுட்ட கொலோசியம் முதல் நாள். பிளாரன்ஸ் தேவாலயக் கூரை நாலாம் நாள். 'உங்கட முகங்களைக் காணேல்லையே அப்பா?' என்று மகள் கஜந்தினி கேட்டாள். 'அம்மா வெயிலில கறுத்துப் போனா, படம் வேண்டாமாம்,' என்று பதில் போட்டார்.

அம்மா இருட்டில் உட்கார்ந்து பயண அட்டவணையைத் தடவிக்கொண்டிருந்தாள். "இண்டைக்கு ஏதென்ஸுக்குப் போற நாள்," என்று சொல்லிவிட்டுப் பாணைக் கடித்தாள். கண் கலங்கியிருந்தது. அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகை மிஞ்சும்போது தன் அருமை அவளுக்கு விளங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு வான் வந்து நின்றது. முன்கதவுப் பூட்டில் திறப்பு திரும்பியது.

"பாத்தீரே! திறப்பே வெட்டி வைச்சிருக்கிறான்!"

காலடிச் சத்தம் இரண்டு பேருடையது. பாரமான எதையோ ஹோலில் வைத்தார்கள். கிருஷ்ணராசா கிரிக்கெட் மட்டையை ஓங்கிக்கொண்டு பாய்ந்து விளக்கைப் போட்டார்.

"பிடிச்சிட்டன்!"

மகன் யனுஷன் கையிலிருந்த பெயின்ட் தூரிகையை நழுவ விட்டான். கஜந்தினி வீரிட்டாள். "ஐயோ, அப்பா! நீங்கள் ஏதென்ஸில அல்லோ!"

"நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?"

"நீங்கள் வாறதுக்கு முந்தி ஹோலுக்குப் பெயின்ட் அடிப்பமெண்டு வந்தம். உங்கட நாப்பதாவது கலியாண நாளல்லோ." யனுஷன் குனிந்து தூரிகையை எடுத்தான். "பயணத்தை நாங்கள் வாங்கித் தந்ததெண்டு சொன்னா, வீண்செலவெண்டு போக மாட்டியள். அதுதான் பரிசு விழுந்ததெண்டு நாங்களே கடிதம் எழுதினது."

மட்டை மெல்லக் கீழே இறங்கியது. "அப்ப... கள்ளன்?" என்று இழுத்தார்.

நகுலேஸ்வரி ஆறு நாளில் முதன்முறையாக வாய்விட்டுப் பேசினாள். "கள்ளனார் ஆறு நாளா வீட்டுக்குள்ளதான் இருந்தவர், பிள்ளை. என்ர ரோமும் போச்சு, பிளாரன்ஸும் போச்சு. சந்தோரினி அறை இன்னும் எங்கட பேரிலதானே கிடக்கு?"

அவிழ்க்காத பெட்டி அப்படியே மூலையில் நின்றது. அவள் மாடிக்குப் போய் வேறொரு சின்னப் பையையும் எடுத்து வந்தாள்.

"அப்ப நான்?" என்றார் கிருஷ்ணராசா.

"வீட்டை ஆர் காவல் காக்கிறது?" என்று கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.

இரண்டு நாள் கழித்து, பெயின்ட் மணக்கும் ஹோலில் அவர் மட்டையோடு உட்கார்ந்திருந்தபோது வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நீலக் கூரைக்கு முன்னால் நகுலேஸ்வரி. இந்தத் தடவை முகம் நல்ல தெளிவாகத் தெரிந்தது.

கீழே ஒரு வரி: 'இஞ்சருங்கோ, இனி நீங்கள் நிம்மதியா நித்திரை கொள்ளலாம், நகையெல்லாம் நான் போட்டுக்கொண்டு வந்திட்டன்.'