முதல் சலவை

யாரோ ஒருத்தி வீட்டுக் கொடியில் தன் கணவனின் பேண்ட் காய்வதைப் பார்த்ததும் சாயோ சைக்கிளை விட்டு இறங்கினாள். எத்தனை முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் அது ரியோஹெய்யின் பேண்ட்டாகத்தான் இருந்தது. இடுப்புப் பட்டையின் உள்பக்கம் கடையின் பெயரைச் சிவப்பு நூலில் தைத்தவளே அவள்தான்.

கோஜிமாவில் ஜீன்ஸ் தைக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுடையது சின்னக் கடை. பூச்சிமருந்து படாத பருத்தி, அவுரிச் சாயம், பழைய தறியில் நெய்த முரட்டுத் துணி. கல்லைப் போட்டு உரசி, மருந்தடித்து வெளுக்க வைக்கிற வேலையே அங்கே கிடையாது. உடுத்துகிறவனின் உடம்பு பட்டுப் பட்டுத்தான் நீலம் வெளுக்க வேண்டும்.

அதற்குச் சாட்சியாகத்தான் இந்த ஒரு பேண்ட்டை இரண்டு வருடமாகத் துவைக்காமல் ரியோஹெய் போட்டுவந்தான். நாற்றம் தாங்காமல் அது வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொன்னவள் சாயோ. ஊரின் மறுகோடியில் இருக்கும் பட்டறையிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்று அவனும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டான். நல்ல மனுஷன் என்று அப்போது பூரித்துப்போனாள்.

மாதம் ஒரு தடவை அவன் பேண்ட்டைக் கடைக்குக் கொண்டுவருவான். அவள் மேஜையில் விரித்துப் படம் எடுத்து, நாலு வரி எழுதி இணையத்தில் போடுவாள். நாள் முழுக்க நின்றபடியே துணி வெட்டுகிறவனுக்கு முழங்கால் இரண்டும் நிலா மாதிரி வெளுத்திருந்ததைத் துணியின் குணம் என்று மெச்சி எழுதினாள். ‘தைத்தவள் மனைவி, உடுத்தியவர் கணவர்’ என்ற அவளுடைய வரிதான் கடைக்கே அடையாளமாகிவிட்டது.

அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் டோக்கியோவின் பெரிய கடைக்காரர்கள் நாளைக்கு வருகிறார்கள். அவர்கள் சரக்கு எடுத்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். முதல் சலவையை இன்று மாலை இருவரும் சேர்ந்து செய்வதாகப் பேசி வைத்திருந்தார்கள். கல்யாண நாளைப் போல அதற்காக அவள் காத்திருந்தாள்.

இங்கே அது முடிந்தே போயிருந்தது. உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, முறுக்கிப் பிழியாமல், வெயில் படாத நிழலில் இடுப்பைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வாங்குகிறவர்களுக்குச் சாயோ சொல்லித்தருகிற பக்குவம் ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவையும் இந்த வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

கதவைத் தட்டினாள். திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், பெயர் மினெகோ என்றாள். வாசலறையில் தைத்து முடித்த புதுக் கோரைப் பாய்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன, வீடே பச்சைக் கோரையாக மணத்தது. சாயோ தான் யாரென்று சொல்லாமல் கொடியைக் காட்டி அது யாருடையது என்று கேட்டாள்.

மினெகோவின் முகம் செத்துவிட்டது. “ஜீன்ஸ் பட்டறைக்காரரோடதுங்க. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, இரண்டு வருடமாக என்று பதில் வந்தது. மாதா மாதம் வருவாராம், வரும்போது வெறுங்கையோடு வர மாட்டாராம், கோடையானால் பீச் பழப் பெட்டி வாங்கிவருவாராம். போன கோடையில் விலை ஏறிவிட்டது என்று வீட்டில் பீச் வாங்க மறுத்தவன்தான் அவன்.

“அவர் சம்சாரத்துக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா மனசு ஒடஞ்சுபோயிடுவாங்கன்னு சொல்லுவாருங்க. அந்தம்மா பாவம், அவரை அவ்வளவு நம்புறாங்களாம்.”

அந்தப் ‘பாவம்’தான் சாயோவைக் கொன்றது. ஏமாற்றினதும் அல்லாமல், தன்னைப் பற்றி இன்னொருத்தியிடம் பரிதாபப்பட்டும் பேசியிருக்கிறான். சண்டை போட வந்தவளுக்குக் கண்தான் நிறைந்தது.

“நான்தாங்க அந்தச் சம்சாரம்.”

மினெகோ அப்படியே மண்டியிட்டுத் தலை தரையில் படக் குனிந்துவிட்டாள். மன்னித்துவிடும்படியும், கஷ்ட காலத்தில் வேறு வழி தெரியாமல் ஒத்துக்கொண்டதாகவும் அழுதாள். இன்று மாலை எடுத்துப்போக வருகிறார் என்பதால், நாற்றத்தோடு கொடுக்கக் கூசித் தானே அலசிப் போட்டதாகவும் சொன்னாள்.

சாயோ கொடியிலிருந்து பேண்ட்டை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஈரம் சட்டையில் ஊறியது. புருஷன் போனால் போகட்டும், கடை இருக்கிறது, கடையின் சொல் இருக்கிறது, அதை வைத்துத் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“அவரை நீங்களே வச்சுக்கோங்க,” என்றாள். “எனக்கு இந்தப் பேண்ட் போதும். ரெண்டு வருஷத்துல அந்த மனுஷன் பொய் இல்லாம செஞ்சது இது ஒண்ணுதான்.”

மினெகோ தலையை நிமிர்த்தினாள். விளங்காமல் சாயோவையும் பேண்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகம் வெளிறித் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“அதை ரெண்டு வருஷமா போட்டுத் தேய்ச்சது, முட்டி போட்டுப் பாய் தைக்கிற எங்க வீட்டுக்காரருங்க.”