தேவையில்லாத அடைப்புக்குறி

"ஒரு அடைப்புக்குறி போடத் தெரியல. உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?"

டீம் லீடர் கேட்டது அவளைத்தான். ஆனால் ஆபீஸ் முழுக்கக் காதில் விழுந்தது.

ஆபீசில் அவருக்குச் 'சுத்தம்' என்று பட்டப்பெயர். அடுத்தவர் புரோகிராமில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அவளோ வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான புரோகிராமர்.

விஷயம் ஒரு ஆஸ்பத்திரிக்காக எழுதிய ஒற்றை வரி. முதியவரோ கர்ப்பிணியோ, முன்பதிவு செய்திருந்தால் வரிசையில் நிற்காமல் டாக்டரைப் பார்க்கலாம். 'முதியவர் அல்லது கர்ப்பிணி' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு, 'மற்றும் முன்பதிவு' என்று வெளியே எழுத வேண்டும். அடைப்புக்குறி இல்லையென்றால், 'மற்றும்' யார் பக்கத்தில் நிற்கிறதோ அவரைத்தான் கம்ப்யூட்டர் முதலில் பிடித்துக்கொள்ளும். கர்ப்பிணியிடம் மட்டும் முன்பதிவு கேட்கும். முதியவரைக் கேள்வியே கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

ஐந்து மாதமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தது. இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்துவிட்டது.

வாயைத் திறக்கப் போனவளைக் கை காட்டி அடக்கினார் சுத்தம். பள்ளிக்கூடப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது என்றார். அவளை வேலையில் நிரந்தரமாக்கக் கூடாது என்று மேலிடத்துக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.

கடிதத்துக்கு ஆதாரம் வேண்டுமே. அந்த வரியை யார் யார் எப்போது தொட்டார்கள் என்ற பதிவைத் திறந்தார்.

அவள் முதலில் எழுதிய வரியில் அடைப்புக்குறி லட்சணமாக இருந்தது. மறுநாள் அதை யாரோ எடுத்திருந்தார்கள். அந்த யாரோ அவரேதான். பக்கத்தில் குறிப்பு வேறு எழுதி வைத்திருந்தார்: 'தேவையில்லாத அடைப்புக்குறி. பார்க்க அசிங்கம்.'

கடிதத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு அவள் மேஜைக்குப் போனார். திட்டும்போது இல்லாத இங்கிதம் இப்போது வந்து, குரல் தாழ்ந்திருந்தது. 'நீ' போய் 'நீங்க'வும் வந்திருந்தது.

"நான் எடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும் சார்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் சார். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். போன்ல முன்பதிவு பண்ணத் தெரியாத வயசானவங்க எல்லாம் நேரா டாக்டர்கிட்ட போயிட்டிருந்தாங்க. இங்க நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் அது. அதைப் போய் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."