கேட்காத வெடி

மூன்று மணி நேரமாக அண்ணன் திட்டுகிறான். சிறுவயதிலிருந்து அவன் விடாமல் பார்க்கும் விண்வெளிப் படவரிசையின் பதினோராம் பாகம் திரையில் உறைந்து நிற்கிறது. அதன் நீல ஒளியில் அவனுடைய காதுக்கருவி மின்னுகிறது. தங்கை சோபா ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். "கேப்டன் சோளக்கொல்லை பொம்மை, கதை கந்தல். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். தாய்க்கப்பலே சுக்குநூறாகுது, திரையோட அடியில வர்ற வரிகள்ல 'வெடிச்சத்தம்'னு ஒரு வார்த்தை போடல! காது கேக்காதவன்னா இளக்காரமா? இந்த வரிகளை எழுதின கழுதையை வேலையை விட்டுத் தூக்கச் சொல்றேன் பாரு." புகாரை அனுப்ப அவன் விரல் செல்பேசியை நோக்கி இறங்குகிறது. அவள் அந்த மணிக்கட்டைப் பிடிக்கிறாள். அவன் படிக்கும்படி உதடுகளை நிதானமாக அசைக்கிறாள். "விண்வெளியில சத்தம் பரவாதுண்ணா. அதான் நான் எழுதல."